சிங்கப்பூரில் உயர்நிலை 1 ஆங்கிலம் (ஜி3): வகுப்பில் என்ன நடக்கும், மதிப்பெண் எங்கே போகும்?

செங்காங்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மகள் இந்த ஆண்டு உயர்நிலை 1 போகிறாள். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மொத்தம் 23, ஆங்கிலத்தில் ஏஎல் 5 (ஏஎல் என்பது தரநிலை, எண் குறைந்தால் நல்லது). போஸ்டிங் குரூப் 2 (மூன்று சேர்க்கைப் பிரிவில் நடுப்பிரிவு) என்றாலும் ஆங்கிலத்தை ஜி3 நிலையில் (ஜி1, ஜி2, ஜி3 என்பதில் உயர்ந்தது) எடுக்கலாம் என்று பள்ளி சொன்னது, சரி என்றுவிட்டோம்.

புத்தகப் பட்டியலைப் பார்த்தால் கணக்குக்கும் அறிவியலுக்கும் பாடநூல் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணப் பயிற்சி நூலும் ஒரு கோப்பும் மட்டும்தான். நானும் மனைவியும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். எங்களுக்கு ஆங்கிலம் என்றால் பாடம், செய்யுள், பின்னால் கேள்வி-பதில். பாடமே இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் எதைப் படிக்கும்? துணைப்பாட வகுப்பில் இப்போதே சேர்க்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி:
வாழ்த்துகள் சார். ஏஎல் 5-க்குள் வாங்கிய பாடத்தை ஜி3-யில் எடுக்க விடுவது முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தலில் (ஒவ்வொரு பாடத்தையும் தன் திறனுக்கேற்ற நிலையில் படிக்கும் முறை) உள்ள ஏற்பாடு. 2024-இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிடமிருந்து இது எல்லாருக்கும் வந்துவிட்டது. எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் அதோடு போயின. உங்கள் மகளின் ஃபார்ம் கிளாஸில் (அவள் சேர்ந்த நிலையான வகுப்பு) மூன்று குரூப் பிள்ளைகளும் கலந்து இருப்பார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி போன்றவற்றை எல்லாரும் ஒன்றாகப் படிப்பார்கள். ஆங்கில நேரம் வந்தால் ஜி3 பிள்ளைகள் எழுந்து வேறு அறைக்குப் போவார்கள். முதல் சில வாரம் அறை தேடுவதே பெரிய வேலையாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

பாடநூல் விஷயம்: பல பள்ளிகளில் ஆங்கிலத் துறையே பயிற்சித்தாள் தயாரிக்கும். அந்தக் கோப்புதான் பாடநூல். அது தொலைந்தால் ஆண்டிறுதியில் திருப்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆகவே எழுத்து, கருத்தறிதல், இலக்கணம், வாய்மொழி என்று நான்கு பிரிப்பான் போட்டு முதல் வாரத்திலேயே அடுக்கச் சொல்லுங்கள். மீதிப் பாதி மின்னிலக்கச் சாதனத்தில், எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் இருக்கும்.

தேர்வு எப்படி முடிகிறது என்று தெரிந்தால் வகுப்பு ஏன் இப்படி நடக்கிறது என்பது புரியும். 2023 முதல் நடப்பில் உள்ள ஓ லெவல் (உயர்நிலை இறுதித் தேர்வு) ஆங்கிலம் 1184 பாடத்திட்டத்தின்படி நான்கு தாள்கள்.

தாள் 1, எழுத்து: 1 மணி 50 நிமிடம், 70 மதிப்பெண். எடிட்டிங் (பிழை திருத்தம்) 10, சூழ்நிலை எழுத்து (கொடுத்த சூழலுக்கேற்ப மின்னஞ்சல், உரை போன்றது) 30 (250 முதல் 350 சொல்), கட்டுரை 30 (நான்கு தலைப்பில் ஒன்று, 350 முதல் 500 சொல்).

தாள் 2, கருத்தறிதல்: அதே 1 மணி 50 நிமிடம், 50 மதிப்பெண். படத்தோடு கூடிய பனுவல் 5, கதைப்பகுதி 20, கட்டுரைப்பகுதி (கதையல்லாத பனுவல்) 25. இந்த 25-இல் 15 சுருக்கி வரைதலுக்கு.

தாள் 3, கேட்டல்: சுமார் 45 நிமிடம், 30 மதிப்பெண். தாள் 4, வாய்மொழி: 30 மதிப்பெண்.

உங்கள் மகள் ஓ லெவல் எழுத மாட்டாள். 2027 முதல் ஓ லெவலும் அதைவிட எளிதான 'என்' (N) லெவலும் சேர்ந்து ஒரே இடைநிலைக் கல்விச் சான்றிதழாகின்றன. ஜி3 நிலை ஓ லெவல் தரத்தைத் தொடர்வது, அதனால் கீழே பேசுவது அவளுக்கும் பொருந்தும். ஆனாலும் உயர்நிலை 3-க்கு வந்ததும் அவளுடைய தேர்வாண்டுக்குரிய பாடத்திட்ட ஆவணத்தை, தேர்வு நடத்தும் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் இறக்கிப் படித்துவிடுங்கள். சில பக்கம்தான், இலவசம்.

கணக்குப்புலி:
சுண்ணக்கட்டி அக்கா கொடுத்த மதிப்பெண்ணை அப்படியே கூட்டாதீர்கள். தாள்களுக்கு எடை வேறு: 35, 35, 10, 20 விழுக்காடு. அதைப் போட்டுப் பார்த்தால் மொத்த நூறில்:

எடிட்டிங் 5
சூழ்நிலை எழுத்து 15
கட்டுரை 15
படப்பனுவல் 3.5
கதைப்பகுதி 14
கட்டுரைப்பகுதிக் கேள்விகள் 7
சுருக்கி வரைதல் 10.5
கேட்டல் 10
வாய்மொழி 20

இப்போது பாப்புலர் புத்தகக் கடைக்குப் போய் அலமாரியைப் பாருங்கள். எடிட்டிங் பயிற்சி நூல் வரிசை வரிசையாக இருக்கும். 5 விழுக்காட்டுக்கு மூன்று புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, 20 விழுக்காடு உள்ள வாய்மொழிக்கு ஒரு நாளும் பிள்ளையை வாய் திறக்க விடாத வீடுகள்தான் அதிகம்.

கோப்பி_ஓ_கொசோங்:
புலி சொல்வது கணக்குக்குச் சரி, பாடத்துக்குப் பாதிதான் சரி. எடிட்டிங்கில் பிடிபடும் அதே பிழைதான் கட்டுரையிலும் சூழ்நிலை எழுத்திலும் மதிப்பெண்ணைத் தின்னுகிறது. இரண்டுக்குமே 30-இல் உள்ளடக்கத்துக்கு 10, மொழிக்கு 20. எழுவாய்-பயனிலை ஒத்துப்போகாத பிள்ளைக்கு எடிட்டிங் மட்டுமா போகும்?

கணக்குப்புலி:
ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் புத்தகத்தில் உள்ள 50 பயிற்சியைச் செய்கிற பிள்ளை தன் கட்டுரையை ஒருமுறை திருப்பிப் படிப்பதில்லை. அதைச் சொன்னேன்.

கோப்பி_ஓ_கொசோங்:
அது உண்மை. சரி, எடிட்டிங்கைச் சுருக்கமாக முடிக்கிறேன். 12 வரிப் பத்தி. முதல் வரியும் கடைசி வரியும் சரி. நடுவில் உள்ள பத்தில் இரண்டு வரியில் பிழை இல்லை, அவற்றுக்குச் சரி குறி. மீதி எட்டிலும் வரிக்கு ஒரு இலக்கணப் பிழை: தவறான சொல்லை வட்டமிட்டுச் சரியான சொல்லைப் பக்கத்தில் எழுத வேண்டும். எழுத்துப்பிழையும் நிறுத்தக்குறியும் கேட்பதில்லை, அதைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது.

திரும்பத் திரும்ப வருபவை சிலதான். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நீளமான சொற்றொடரைச் செருகுவார்கள்: 'தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் வேர்'. பக்கத்தில் ஐட்டம்ஸ் இருப்பதால் பிள்ளை தாண்டிப் போய்விடும். எழுவாய் லிஸ்ட், ஒருமை, ஆகவே 'வாஸ்'. பிறகு காலம், முன்னிடைச்சொல், பிரதிப்பெயர், இணைப்புச்சொல், பெயர்ச்சொல் வரவேண்டிய இடத்தில் பெயரடை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ஏ', 'தி' இரண்டும் கூடுதல் தலைவலி, காதில் விழுந்தே பழக வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்' இரண்டும் வீட்டிலும் அலுவலகத்திலும் நாமே பேசுவது. பிள்ளைக்கு அது பிழையாகவே படாது.

செய்முறை: முதலில் கை வைக்காமல் முழுவதும் படிக்க வேண்டும். இறந்தகாலப் பத்தியா நிகழ்காலப் பத்தியா என்று தெரியாமல் வரிவரியாகத் திருத்தினால் சரியானதையும் மாற்றி வைப்பார்கள். மொத்தம் 10 நிமிடம், அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

செங்காங்வாசி:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. இதெல்லாம் உயர்நிலை 4-இல் அல்லவா? உயர்நிலை 1 வகுப்பில் நாளைக்கு என்ன நடக்கும்?

சுண்ணக்கட்டி:
ஒரு யூனிட் என்பது ஒரு வகை எழுத்தைச் சுற்றி ஓடும். கதை, அனுபவக் கட்டுரை, விளக்கம், வாதம் இப்படி. சில வாரம் பிடிக்கும். முதலில் அந்த வகையில் நல்ல பனுவல் ஒன்றிரண்டைப் படித்து, எழுதியவர் எப்படித் தொடங்கினார், எந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார் என்று பிரித்துப் பார்ப்பார்கள். அதே பனுவலில் இருந்து கருத்தறிதல் கேள்வி, இலக்கணக் கூறு ஒன்று, பத்துப் பதினைந்து புதுச்சொல். பிறகு குழுவாகப் பேச்சு அல்லது படைப்பு. கடைசியில் தனியாக எழுத்து. திட்டம், வரைவு, திருத்தம், மறுபடி எழுதுதல்.

ஒரு வகுப்பில் 40 பேர் வரை இருப்பார்கள். ஆகவே ஆசிரியர் எல்லாப் பிழையையும் திருத்தி எழுதித் தர மாட்டார். ஓரத்தில் குறியீடு போடுவார்: எஸ்விஏ என்றால் எழுவாய்-வினை, டி என்றால் காலம், டபிள்யூடபிள்யூ என்றால் தவறான சொல். பிள்ளைதான் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். 'என்ன டீச்சர் இது, சிவப்பு மையில் சரியான விடையே இல்லை' என்று பெற்றோர் சந்திப்பில் கேட்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே இல்லை. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினால் அடுத்த வாரமும் அதே பிழை வரும்.

மதிப்பீடு: அரையாண்டுத் தேர்வு 2023-க்குள் எல்லாத் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளிலும் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் தவணைக்கு ஒன்றுக்கு மேற்படாமல் எடைபோட்ட மதிப்பீடு, பிள்ளைகள் சொல்லும் டபிள்யூஏ 1, 2, 3. பிறகு ஆண்டிறுதித் தேர்வு. எதற்கு எத்தனை விழுக்காடு என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. ஒரு டபிள்யூஏ-யில் சூழ்நிலை எழுத்து மட்டும் இருக்கலாம், இன்னொன்றில் கருத்தறிதல் மட்டும், மற்றொன்று வாய்மொழிப் படைப்பாகவே இருக்கலாம். ஆகவே 'ஆங்கிலத் தேர்வு வருகிறது' என்று மகள் சொன்னால் எந்தப் பகுதி என்று கேளுங்கள்.

தெம்பனிஸ்_இலக்கியம்:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. கால அட்டவணையில் ஆங்கிலம் தனி, ஆங்கில இலக்கியம் தனி. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். உயர்நிலை 1, 2-இல் இலக்கியமும் இருக்கும். உயர்நிலை 3-இல் அது விருப்பப்பாடம். முழுப் பாடமாக எடுக்கலாம், அல்லது சமூகவியலோடு சேர்ந்த மனிதவியல் பாடத்தில் பாதியாக எடுக்கலாம். கீழ்வகுப்பில் ஒரே ஆசிரியரே இரண்டையும் எடுப்பதால் பிள்ளைகளுக்கும் குழப்பம் வருகிறது.

விடை எழுதும் முறை இரண்டிலும் வேறு. ஆங்கிலக் கருத்தறிதலில் 2 மதிப்பெண் கேள்விக்கு இரண்டு வாக்கியம் போதும். இலக்கியத்தில் பத்தி பத்தியாக வாதம் வேண்டும்: கருத்து, மேற்கோள், விளக்கம், கேள்வியோடு தொடர்பு. பிள்ளைகள் சறுக்குவது மூன்றாவதில். மேற்கோளை எழுதிவிட்டு 'இதிலிருந்து அவர் சோகமாக இருப்பது தெரிகிறது' என்று தாண்டிவிடுவார்கள். மேற்கோளில் எந்தச் சொல், அந்தச் சொல் ஏன், வேறு சொல் இருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டு எழுதினால்தான் மேல்நிலை மதிப்பெண். முன்பின் பார்க்காத கவிதை ஒன்றைக் கொடுத்தும் கேட்பார்கள்.

கோப்பி_ஓ_கொசோங்:
இலக்கியத்தில் அந்த 'எந்தச் சொல், ஏன்' பழக்கம் வந்த பிள்ளை கருத்தறிதலில் கதைப்பகுதியைச் சுலபமாகக் கடக்கும். எப்படி என்று ஒரு மாதிரியோடு காட்டுகிறேன். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் எழுதுகிறேன், கேள்வி வகை அதேதான்.

பனுவல்: 'தபால்காரர் நீட்டிய உறையை மாமா இரண்டே விரலால் பிடித்து, பார்க்காமலே மேசையின் மறுகோடியில் போட்டார்.'

கேள்வி: மாமாவுக்கு அந்தக் கடிதம் வந்ததில் விருப்பமில்லை என்பதை எந்தச் செயல் காட்டுகிறது? விளக்குக. (2)

விடை ஒன்று: 'மாமாவுக்குக் கடிதம் பிடிக்கவில்லை.' சுழியம். கேள்வியையே திருப்பிச் சொல்லியாயிற்று.

விடை இரண்டு: 'இரண்டு விரலால் பிடித்து மேசையில் போட்டார்.' 1. சான்று இருக்கிறது, விளக்கம் இல்லை.

விடை மூன்று: 'இரண்டு விரலால் மட்டுமே பிடித்தார். அழுக்கான ஒன்றைத் தொடுவதுபோல் அதிலிருந்து விலகி நிற்கவே அவர் விரும்பினார் என்று இது காட்டுகிறது.' 2.

இரண்டாவது விடை எழுதுகிற பிள்ளைதான் வகுப்பில் பெரும்பாலும். பனுவல் புரியாமல் இல்லை. புரிந்ததை எழுத வேண்டும் என்று தோன்றுவதில்லை, 'அதான் தெரியுமே' என்று விட்டுவிடும்.

அடுத்த வகை, சொல்லின் தாக்கம். 'ரயில் கதவு திறந்ததும் கூட்டம் கொட்டியது' என்று வந்தால், கொட்டுதல் என்றால் பொதுவாக என்ன (நீர் போன்றது தடையில்லாமல் ஒரே வேகத்தில் விழுவது), இங்கே அது எதைச் சொல்கிறது (ஆட்கள் நிற்க இடமின்றி, தடுக்க முடியாமல் வெளியேறினர்) என்று இரண்டு படியும் வேண்டும். ஒரு படி எழுதினால் பாதி மதிப்பெண்.

மூன்றாவது, 'உன் சொந்தச் சொற்களில்'. பனுவலில் இரண்டு முக்கியச் சொல் இருக்கும், இரண்டுக்கும் ஆளுக்கொரு மதிப்பெண். ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே தூக்கி வைத்தால் அந்த ஒன்று போச்சு. இதற்கு எதிர்ப்பக்கம், 'ஒரு சொல்லை எடுத்து எழுது' என்று கேட்டால் பனுவலில் உள்ள அதே சொல், ஒன்றே ஒன்று. முழு வாக்கியத்தையும் எழுதி 'அதுக்குள்ளதானே இருக்கு' என்றால் கிடையாது.

செங்காங்வாசி:
அந்த மூன்று விடையையும் மகளிடம் காட்டினேன். இரண்டாவதைத்தான் சரி என்றாள் :) சுருக்கி வரைதல் 10.5 என்று பார்த்ததும் பகீர் என்றது. அதை எப்படிப் பழக்குவது?

சுண்ணக்கட்டி:
15 மதிப்பெண்ணில் கருத்துக்கு 8, மொழிக்கு 7. கேள்வி எந்தப் பத்தி முதல் எந்தப் பத்தி வரை என்று சொல்லும். அதற்கு வெளியே கால் வைக்கக் கூடாது. கேள்வியில் பெரும்பாலும் இரண்டு அம்சம் இருக்கும், எடுத்துக்காட்டாக 'பயன்களும் சிக்கல்களும்'. பயனை ஒரு நிறத்திலும் சிக்கலை இன்னொரு நிறத்திலும் கோடிட்டால் ஒன்றையே எழுதிவிட்டு மற்றதை மறப்பது நடக்காது.

பிறகு கோடிட்டதை எண் போட்டுக் குறிப்பாக எழுத வேண்டும். எடுத்துக்காட்டு, புள்ளிவிவரம், யாரோ சொன்ன மேற்கோள் எல்லாம் போகும். கருத்து மட்டும் நிற்கும். வரம்பு 80 சொல், தொடங்கக் கொடுத்திருக்கும் சொற்கள் இதில் சேராது. எட்டுக் கருத்து, எண்பது சொல், அதாவது கருத்துக்குப் பத்துச் சொல். முதல் கருத்துக்கே இருபத்தைந்து சொல் செலவழித்தால் கடைசி இரண்டு கருத்து வரம்புக்கு வெளியே விழும், திருத்துபவர் அதை எண்ண மாட்டார்.

மொழி மதிப்பெண் பறிபோவது இரண்டு வகையில். ஒன்று, பனுவலின் சொற்றொடரை அப்படியே தூக்குவது. இன்னொன்று, எல்லாச் சொல்லையும் மாற்றப் போய்ப் பொருளையே மாற்றிவிடுவது. 'தடுப்பூசி'க்கெல்லாம் மாற்றுச் சொல் தேட வேண்டாம். வினையையும் வாக்கிய அமைப்பையும் மாற்றினால் போதும். நேரம் 25 முதல் 30 நிமிடம் ஒதுக்க வேண்டும். கடைசியில் வைத்தால் பத்து நிமிடம்தான் மிஞ்சும் என்பதால் கட்டுரைப்பகுதியைப் படித்த கையோடு சுருக்கத்தை முடித்துவிட்டு மற்றக் கேள்விக்கு வரச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

உயர்நிலை 1-க்கு எண்பது சொல் பெரிய வேலை. வாரம் ஒரு செய்திக் கட்டுரையை மூன்று வாக்கியத்தில் வாயால் சொல்லச் சொல்லுங்கள், எழுதக்கூட வேண்டாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் உயர்நிலை மாணவர்களுக்கென்று வெளியிடும் 'இன்' இதழைப் பள்ளி கொடுத்தால் அதுவே போதும்.

நள்ளிரவு_அம்மா:
இடையில் ஒரு கேள்வி. தலைப்புவாரியாக 20 மாதிரிக் கட்டுரை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் ஒரு துணைப்பாட நிலையத்தில். 'பாம்பாஸ்டிக்' (பகட்டான) சொற்கள் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. மகனுக்குத் தொடக்கப்பள்ளியில் அது கை கொடுத்தது. இங்கும் செய்யலாமா?

கோப்பி_ஓ_கொசோங்:
வேண்டாம்மா. மனப்பாடக் கட்டுரை தலைப்புக்குப் பொருந்தாது, பொருத்த வைப்பதற்காகப் பிள்ளை தலைப்பைத் திருகும். 'உன் முடிவை நீ மாற்றிக்கொண்ட ஒரு சமயம்' என்று தலைப்பு. பையனிடம் இருப்பது தீ விபத்தில் பாட்டியைக் காப்பாற்றிய கதை. அதைப் பத்தொன்பது வரி எழுதி, கடைசியில் 'அன்றுமுதல் என் முடிவை மாற்றிக்கொண்டேன்' என்று ஒரு வரி ஒட்டுவான். திருத்துபவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சொற்பட்டியலும் அப்படித்தான். வானம் எப்போதும் 'அஷ்யூர்' (நீலம்), வியர்வை எப்போதும் 'புரோஃபியூஸ்லி' (ஏராளமாக). ஒரு பக்கத்தில் நான்கு முறை வந்தால் சமையலில் உப்பைத் தூக்கலாகப் போட்டதுபோல் மற்ற எதுவும் நாக்கில் படாது.

தெம்பனிஸ்_இலக்கியம்:
முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். மாதிரிக் கட்டுரையைப் பிரித்துப் படிப்பது வகுப்பிலேயே நடக்கிறது. வேறுபாடு இதுதான்: மனப்பாடம் செய்பவன் வாக்கியத்தை எடுக்கிறான், பிரித்துப் படிப்பவன் கட்டமைப்பை எடுக்கிறான். ஒரு மாதிரியைக் கொடுத்து, 'எந்தப் பத்தியில் நேரம் மிக மெதுவாக நகர்கிறது, எந்த இடத்தில் இரண்டு மாதத்தை ஒரே வரியில் தாண்டுகிறார்' என்று குறிக்கச் சொல்லுங்கள். அதைத் தன் கதையில் செய்து பார்க்கட்டும். 500 சொல்லுக்கு ஒரே ஒரு காட்சி போதும். காலை எழுந்து பல் துலக்கி, பஸ் 88 பிடித்து, பள்ளி வந்து என்று தொடங்கினால் முந்நூறு சொல் தீர்ந்த பிறகுதான் கதை தொடங்கும்.

வாதக் கட்டுரை பக்கம் உயர்நிலை 1, 2-இல் அதிகம் போக மாட்டார்கள். மேல்வகுப்பில் போகும்போது ஒரு பத்திக்கு ஒரு கருத்து, ஏன், சிங்கப்பூரில் கண்ணால் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டு, எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்குப் பதில். 'ஆராய்ச்சிகள் சொல்கின்றன' என்று காற்றில் விடும் வரி எடுபடாது.

கணக்குப்புலி:
சூழ்நிலை எழுத்தை யாராவது விளக்குங்கள். என் கணக்கில் அது கட்டுரைக்குச் சமம், ஆனால் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சுண்ணக்கட்டி:
மனப்பாடம் செய்யவே முடியாத பகுதி அது, அதனால்தான் பேச்சில்லை போலும். ஒரு துண்டறிக்கையோ இணையப்பக்கமோ படத்தோடு இருக்கும். கூடவே ஒரு சூழல். 'பள்ளி நூலகத்தைப் புதுப்பிக்க மூன்று யோசனைகள் வந்துள்ளன. மாணவர் மன்ற உறுப்பினராக, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் எழுது' என்பது போல. கீழே மூன்று நான்கு புள்ளி: எதைத் தேர்ந்தெடுத்தாய், ஏன், மாணவர்க்கு என்ன பயன், என்ன சிக்கல் வரலாம், எப்படிச் சமாளிக்கலாம்.

எழுதுமுன் மூன்று கேள்வி: எதற்காக எழுதுகிறேன், யாருக்கு, நான் இங்கே யார். தலைமையாசிரியருக்கு எழுதும்போது 'ஹாய்' வராது. வகுப்பு நண்பர்களுக்கு உரை எழுதும்போது 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கினால் அதுவும் ஒட்டாது. பிள்ளைகள் முகவரியும் தேதியும் எங்கே போடுவது என்று நிறையக் கவலைப்படுகிறார்கள், ஆனால் மதிப்பெண் போவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, ஒரு புள்ளியை விட்டுவிடுவது. இரண்டு, துண்டறிக்கையில் உள்ள வாசகத்தை அப்படியே பெயர்த்து வைப்பது. 'அமைதியான படிப்பறைகள், 6 இருக்கைகள்' என்று அறிக்கையில் இருந்தால், தேர்வுக்காலத்தில் உணவகத்தில் உட்கார்ந்து படிக்கும் மாணவர்க்கு அது எப்படி உதவும் என்று விரித்து எழுத வேண்டும். அந்த விரிவு அறிக்கையில் இருக்காது. பிள்ளைதான் யோசித்து எழுத வேண்டும்.

நேரம்: எடிட்டிங் 10, சூழ்நிலை 40, கட்டுரை 50, மீதி 10 நிமிடம் திருப்பிப் படிக்க.

நள்ளிரவு_அம்மா:
வாய்மொழி? வாசிப்புப் பகுதி உண்டா? மூத்தவன் காலத்தில் உரக்க வாசித்தான்.

கோப்பி_ஓ_கொசோங்:
2023-இலிருந்து வாசிப்பு இல்லை. இப்போது ஒரு சிறு காணொளி, கூடவே ஒரு கேள்வி. தயார் செய்ய 10 நிமிடம். பிறகு தேர்வாளர் முன் 2 நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும், 15 மதிப்பெண். அடுத்து அதே கருப்பொருளில் தேர்வாளரோடு உரையாடல், 15. எழுத்துத் தேர்வுக்கு முன்னாடியே முடிந்துவிடும்.

காணொளியில் புளோக் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டார் செடி வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி: இதில் பங்கெடுக்க உனக்கு ஆர்வம் உண்டா, ஏன்? பிள்ளை செய்வது, 'காணொளியில் ஒரு பாட்டி தண்ணீர் ஊற்றுகிறார், ஒரு சிறுவன் மண் அள்ளுகிறான்' என்று ஒன்றரை நிமிடம் வர்ணனை. அதற்கு மதிப்பெண் மிகக் குறைவு. முதல் வாக்கியத்திலேயே ஆம் அல்லது இல்லை, பிறகு இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் தனக்குத் தெரிந்த ஒரு நடப்பு. காணொளியை ஒரு வரியில் தொட்டால் போதும்.

உரையாடலில் 'யெஸ்', 'ஐ அக்ரீ' என்று முடிக்கக் கூடாது. தேர்வாளர் 'ஏன்' என்று கேட்கும்வரை காத்திருக்காமல் தானே காரணத்துக்குப் போக வேண்டும். சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'லா', 'மா' அங்கே வேண்டாம். ஆனால் பிபிசி குரலும் வேண்டாம். தெளிவாக, நிறுத்தி, சொல்லின் கடைசி மெய் கேட்கும்படி பேசினால் போதும். 'ஆஸ்க்ட்', 'ஃபீல்ட்ஸ்' இவற்றில் கடைசி ஒலியை விழுங்குவதுதான் இங்கே எல்லா இனப் பிள்ளைக்கும் உள்ள பழக்கம்.

வீட்டுப் பயிற்சி: கைப்பேசியில் 2 நிமிடம் பதிவுசெய்து அவளே கேட்கட்டும். 'லைக்', 'ம்ம்ம்' எத்தனை என்று அவளே எண்ணுவாள். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் சண்டைதான் வரும். கேட்டல் தாளுக்குத் தனிப் பயிற்சி பெரிதாக வேண்டாம், ஒன்றைத் தவிர: கடைசிக் குறிப்பெடுக்கும் பகுதி ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும்.

செங்காங்வாசி:
துணைப்பாடம் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தெம்பனிஸ்_இலக்கியம்:
உடனே வேண்டாம். முதல் டபிள்யூஏ தாள் வரட்டும். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் எந்த வகைக் கேள்வியில் போயிருக்கிறது என்று பிரியுங்கள். ஊகக் கேள்வியில் போயிருந்தால் வகுப்பாசிரியரிடம் அந்தத் தாளோடு போய்க் கேட்டாலே பாதி தீரும். காலமும் எழுவாயும் ஆட்டம் கண்டிருந்தால் அது நீண்ட வேலை, அப்போது யோசிக்கலாம். செலவு கவலையென்றால் சிண்டாவின் (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் துணைப்பாட வகுப்புகளில் ஆங்கிலமும் உண்டு, கட்டணம் குறைவு.

நூலக வாரியத்தின் மின்னூல்கள் லிபி செயலியில் இலவசம். கதை மட்டும் கொடுக்காதீர்கள். தாள் 2-இல் பாதி மதிப்பெண் கதையல்லாத பனுவலுக்கு.

கணக்குப்புலி:
ஏன் இவ்வளவு அலட்டல் என்று மனைவி கேட்டால் இதைச் சொல்லுங்கள்: பாலிடெக்னிக் கூட்டுப்புள்ளியில் ஆங்கிலத்தைத் தவிர்க்கவே முடியாது, இஎல்ஆர்2பி2 (ஆங்கிலமும் வேறு நான்கு பாடமும் சேர்ந்த கணக்கு) என்பதில் முதல் இரண்டு எழுத்தே அதுதான். தொடக்கக்கல்லூரிக்கும் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) ஆங்கிலத்தில் குறைந்தது சி6 தரம் வேண்டும்.

நள்ளிரவு_அம்மா:
ஜி3 கஷ்டமாக இருந்தால் ஜி2-க்கு இறங்கலாமா? அது அவமானமாகப் போய்விடுமா என்று பயமாக இருக்கிறது.

சுண்ணக்கட்டி:
இறங்கலாம், ஏறவும் செய்யலாம். பள்ளிதான் ஆண்டின் முடிவுகளைப் பார்த்து முடிவெடுக்கும். ஃபார்ம் கிளாஸ் அதே வகுப்பாகவே இருக்கும், ஆங்கில நேரத்தில் போகும் அறை மட்டும் மாறும். ஒரு டபிள்யூஏ சரியில்லை என்பதற்காக அவசரப்பட வேண்டாம்.

செங்காங்வாசி:
டபிள்யூஏ 1 சூழ்நிலை எழுத்துதான் என்று மகள் இப்போது சொல்கிறாள். 250 சொல் எழுதியாயிற்றா என்று தேர்வில் எப்படி எண்ணுவது?

கோப்பி_ஓ_கொசோங்:
எண்ணவே கூடாது, நேரம் போகும். அவளுடைய பழைய பயிற்சித்தாளில் முழுமையான ஐந்து வரியை எண்ணி ஐந்தால் வகுக்கச் சொல்லுங்கள். வரிக்கு எட்டுச் சொல் வந்தால் 32 வரியில் 250 தாண்டிவிடும், 43 வரிக்குள் நிறுத்த வேண்டும். கையெழுத்து பெரியதென்றால் வரிக்கு ஆறுதான் வரும், அப்போது 42-இல் தொடங்கி 58 வரை போகலாம். உயர்நிலை 1-க்குப் பள்ளி வேறு வரம்பு வைத்திருக்கலாம். கேள்வித்தாளில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடட்டும்.